பிகேசியில் ஒப்புதல் பெற்ற ஆட்டம் தாராவிக்கு எப்போது வரும்?

2023 அக்டோபர் 16ஆம் தேதி, மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் (பிகேசி) கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 141ஆவது அமர்வு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டங்களைச் சேர்க்க ஒப்புதல் தந்தது. எதிர்த்தவர்கள் இரண்டே பேர். மறுநாள் நாளிதழ்களில் கிரிக்கெட்தான் தலைப்பு. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை ஆடப்பட்ட கிரிக்கெட் திரும்பி வருவது இந்தியாவுக்குப் பெரிய செய்திதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே தீர்மானத்தில் ஸ்குவாஷ், லக்ராஸ், பேஸ்பால்-சாப்ட்பால் ஆகியவற்றோடு ஃப்ளாக் ஃபுட்பாலும் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் யாரும் ஒரு பத்திகூட எழுதியதாக நினைவில்லை.

அந்தக் கூட்டம் நடந்த இடத்துக்குத் தெற்கே மித்தி ஆறு. ஆற்றைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் தமிழ் பேசிக்கொண்டு வாழும் இடம். குறைந்த இடத்தில், குறைந்த செலவில், ஆண்களும் பெண்களும் ஆடக்கூடிய ஓர் ஒலிம்பிக் ஆட்டம் அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கியது. அது ஏன் இன்னும் அவர்களை எட்டவில்லை என்பதற்கு ஆட்டத்தில் காரணம் இல்லை. அதை நடத்தும் முறையில் இருக்கிறது. அமெரிக்காவில் இது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் அது விளங்கும்.

முதலில் ஆட்டம். பெயரில் ஃபுட்பால் இருந்தாலும் இது பந்தை உதைக்கும் ஆட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஒருவரையொருவர் மோதிச் சாய்க்கும் அமெரிக்கக் கால்பந்தின் மோதலில்லாத வடிவம். சர்வதேச விதிப்படி ஓர் அணிக்கு ஐந்து பேர். மைதானத்தின் நீளம் 70 கஜம், அகலம் 25 கஜம். இரண்டு முனைகளிலும் உள்ள பத்துப் பத்துக் கஜம் எண்ட் ஸோன். தாக்கும் அணி தன் பக்கத்து 5 கஜக் கோட்டில் ஆரம்பிக்கும். நடுக்கோட்டைத் தாண்ட நான்கு வாய்ப்புகள். தாண்டிவிட்டால் எதிராளியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்க்க மேலும் நான்கு. சேர்த்தால் ஆறு புள்ளி. இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி.

இடுப்பில் ஒரு பெல்ட், அதன் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பட்டைகள். ஆட்டம் முழுக்க அந்தப் பட்டைகளைச் சுற்றித்தான் நடக்கிறது. பந்தை வைத்திருப்பவரின் பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். சட்டையைப் பிடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, வழி மறிக்கக்கூடாது. ஓடுகிறவரும் பட்டையைக் கையால் மறைக்கக்கூடாது, மறைத்தால் தண்டனை. எனவே தப்பிக்க ஒரே வழி இடுப்பை ஒடிப்பதுதான். வலது பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து, கடைசி அடியில் காலை ஊன்றி இடது பக்கம் திரும்பும் பெண்ணை அருகிலிருந்து பார்த்தால், துரத்தியவளின் விரல்கள் பட்டையின் நுனியைத் தொட்டும் பிடிக்க முடியாமல் போவது தெரியும். அந்த ஒரு நொடியில் ஏழெட்டுக் கஜம் போய்விடுகிறது. பந்து வீசும் குவார்ட்டர்பேக்குக்கும் நிம்மதி கிடையாது. ஏழு கஜம் தள்ளி நிற்கும் ரஷர், பந்து நகர்ந்ததும் அவரை நோக்கிப் பாய்வார். யாருக்கு வீசுவது என்று மூன்று நான்கு நொடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். முரட்டு உடம்புக்கு இங்கே தனி மரியாதை இல்லை. கண்ணும் காலும் ஒத்துழைப்பவர்கள் வெல்கிறார்கள்.

இந்த வடிவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ முகாம்களில் உருவானது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. மேரிலாந்தின் ஃபோர்ட் மீட் முகாமைக் குறிப்பிடுவார்கள். வீரர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், ஆனால் விளையாட்டில் எலும்பு முறிந்து படுக்கையில் விழக்கூடாது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அதைப் பூங்காக்களுக்கும் கல்லூரி வளாகங்களுக்கும் கொண்டு போனார்கள். பல பத்தாண்டுகள் அது ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாகவே இருந்தது. அலுவலக நண்பர்கள், தேவாலயக் குழுக்கள், கல்லூரி விடுதிகள் என்று ஆடினார்கள். அதில் தொழில் இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஆனால் பதிவேடு இருந்தது, அட்டவணை இருந்தது, வாரம் தவறாமல் ஆட்டம் இருந்தது.

இந்த அடித்தளம் நம் ஊரில் கவனிக்கப்படுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க நகரங்களில் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறை என்று நகராட்சியில் ஒரு பிரிவு உண்டு. மைதானத்தில் கோடு போட்டு, நேரம் பிரித்து, அணிகளிடம் பதிவுக் கட்டணம் வாங்கி, அதிலிருந்து நடுவர்களுக்குக் கூலி கொடுப்பது அவர்கள் வேலை. தனியார் லீக்குகளும் அதே மைதானங்களை வாடகைக்கு எடுக்கின்றன. எட்டு முதல் பத்து வாரம் ஒரு பருவம். வயதுவாரியாகப் பிரிவுகள், பெரியவர்களுக்கு ஆண்கள், பெண்கள், இருபாலர் என்று தனித்தனி. பிள்ளைகள் அணிக்குப் பயிற்சியாளர் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவோ அம்மாவோதான். இவர்களில் நூற்றில் ஒருவர்கூட மாநில அணிக்குப் போகப்போவதில்லை; போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பது பேர் கட்டும் பணத்தில்தான் நடுவருக்குச் சம்பளம் வருகிறது. அவர்கள் வாரந்தோறும் வருவதால்தான் மைதானம் கையை விட்டுப் போகாமல் இருக்கிறது.

இந்த அடித்தளத்தின் மேல்தான் என்எஃப்எல் என்ற, மோதல் வடிவ அமெரிக்கக் கால்பந்தின் பணக்காரத் தொழில்முறை லீக் வந்து ஏறியது. மோதல் ஆட்டத்தில் தலையில் படும் அடி மூளையை நிரந்தரமாகப் பாதிக்கிறது என்ற ஆய்வுகளும், முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கும் பெற்றோரைப் பயமுறுத்தியிருந்தன. பிள்ளைகளை இழந்துவிடக்கூடாது என்ற கவலை லீக்குக்கும் இருந்தது. அதன் பெயரில் நடக்கும் சிறுவர் ஃப்ளாக் லீக்குகளில் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆடுகிறார்கள். நட்சத்திர வீரர்களின் வருடாந்திர ஆட்டமான புரோ பௌலையே 2023இல் ஃப்ளாக் ஃபுட்பாலாக மாற்றினார்கள். 2025 மே மாதம், தங்கள் வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆட அணி உரிமையாளர்கள் அனுமதியும் கொடுத்தார்கள். லீக் இதில் வியாபாரம் பார்க்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பணம் போய்ச் சேர ஏற்கெனவே ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது.

பெண்கள் பக்கம்தான் உண்மையான பாய்ச்சல். ஃபுளோரிடா மாநிலம் 2003லேயே உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அதிகாரபூர்வ மாநிலப் போட்டி நடத்தத் தொடங்கியது. நீண்ட காலம் பெரும்பாலான மற்ற மாநிலங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2022-23இல் பள்ளிகளில் ஆடிய மாணவிகள் 20,875 பேர். 2024-25இல் 68,847 பேர். இரண்டே ஆண்டில் மூன்று மடங்குக்கும் மேல். பள்ளி அங்கீகரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மாணவிகளுக்கு ஆசை முன்பும் இருந்தது. அங்கீகாரம் வந்ததும் சீருடை, பஸ், பயிற்சியாளர், மாலை நேர மைதானம் எல்லாம் பின்னால் வந்தன.

உலக அரங்கிலும் அமெரிக்காவின் தனி ஆட்சி என்று சொல்லிவிட முடியாது. ஆண்களில் அவர்களை அசைப்பது கடினம். 2024இல் பின்லாந்தின் லாஹ்தியில் நடந்த உலகப் போட்டியில் ஆண்கள், பெண்கள் இரு பட்டமும் அவர்களுக்கே. ஆனால் 2022இல் அமெரிக்க மண்ணிலேயே, பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில், மெக்சிகோ பெண்கள் அமெரிக்காவை 39-6 என்று வீழ்த்தினார்கள். டயானா ஃபுளோரஸ் என்ற குவார்ட்டர்பேக் அந்த ஒரு வாரத்தில் உலகப் புகழ் பெற்றார். 2025இல் சீனாவின் செங்டுவில் மறுபடியும் மெக்சிகோவுக்கே தங்கம். மெக்சிகோவில் இந்த ஆட்டம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பல பத்தாண்டுகளாக ஆடப்படுகிறது. ஜப்பானின் வழி வேறு: 2008இல் திருத்திய தொடக்கப் பள்ளி உடற்கல்விப் பாடத்திட்ட விளக்கத்தில் ஃப்ளாக் ஃபுட்பாலைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் எங்கே நிற்பது, யாருக்குப் பந்து என்று குழந்தைகள் சேர்ந்து திட்டமிட வேண்டியிருப்பதால் இது வகுப்புக்கு ஏற்ற ஆட்டம் என்பது அவர்கள் வாதம். 2024 உலகப் போட்டியில் ஜப்பான் பெண்கள் மூன்றாம் இடம் பிடித்ததற்கு அடியில் அந்த வகுப்பறைகள் இருக்கின்றன.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே கட்டடம் மொட்டை மாடியிலிருந்து தொடங்கியது. 2011இல் எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற தொழில்முறை லீக், மோதல் வடிவத்தில், பெரும் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. முன்னாள் என்எஃப்எல் வீரர் குர்ட் வார்னர், முன்னாள் பயிற்சியாளர் மைக் டிட்கா போன்ற பெரிய பெயர்கள் பின்னால் இருந்தன. மும்பை கிளாடியேட்டர்ஸ், சென்னை ஸ்வார்ம், பெங்களூர் வார்ஹாக்ஸ் என்று அணிகள் உருவாயின. 2012இல் ஆட்டங்கள் நடந்தன. அவையும் கொழும்பில் நடத்திப் பதிவுசெய்து இங்கே தொலைக்காட்சியில் காட்டப்பட்டவை. அந்த வீரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கபடியிலிருந்தும் ரக்பியிலிருந்தும் தடகளத்திலிருந்தும் வந்து, பார்த்திராத ஓர் ஆட்டத்தைச் சில மாதங்களில் கற்றவர்கள் அவர்கள். ஆனால் மும்பை அணிக்கு மும்பையில் ஆட்டம் இல்லை. சென்னை அணியின் பெயரைச் சென்னைப் பள்ளிப் பிள்ளை கேள்விப்பட்டதில்லை. முதலீடு வற்றியதும் தாங்கிப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக்கூட இல்லாததால் எல்லாம் கலைந்துபோனது.

சம்மேளனங்களின் நிலையும் கவனத்துக்குரியது. உலக அமைப்பான சர்வதேச அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் (ஐஎஃப்ஏஎஃப்) 1998இல் தோன்றியது. 2015இல் அது இரண்டாகப் பிளந்து, இரு தரப்பும் நாங்களே உண்மையான அமைப்பு என்று சொல்லிக்கொண்டன. 2018இல் விளையாட்டு நடுவர் மன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தது. நம் நாட்டு விளையாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. தேசிய அணிகளைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அதன் வேலை. அணி அனுப்புவது வேண்டியதுதான். ஆனால் 2025இல் அறிவித்தபடி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி, அணிக்குப் பத்துப் பேர், அவ்வளவே இடம். நடத்தும் நாடு என்பதால் அமெரிக்காவுக்கு ஒன்று போய்விடும். 2028ஐ மட்டும் குறிவைத்து ஓடினால் நமக்குக் கிடைப்பது ஏமாற்றம்தான். 2036 ஒலிம்பிக்கை இந்தியா கேட்கப்போவதாக அதே மும்பை அமர்வின் தொடக்க விழாவில் பிரதமர் சொன்னார். அன்றைக்கு அணியில் இடம்பெறும் வயதில் இருக்கப்போகிறவர்கள் இப்போது நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடித்தளத்திலிருந்து கட்டுவது எப்படி என்று மும்பைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மும்பைப் பள்ளிகள் விளையாட்டுச் சங்கம் 1893 முதல் இருக்கிறது. ஹாரிஸ் ஷீல்டும் கைல்ஸ் ஷீல்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கிரிக்கெட் போட்டிகள். 1988இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தது ஹாரிஸ் ஷீல்டு ஆட்டம் ஒன்றில், ஆசாத் மைதானத்தில். 1948இல் தொடங்கிய காங்கா லீக் அடைமழைக் காலத்தில், ஈரப் பிட்ச்சில், கிளப்புகளுக்காக நடக்கிறது. அதற்கும் மேலே அலுவலக அணிகளுக்கு டைம்ஸ் ஷீல்டு. வங்கி குமாஸ்தாவும் பள்ளி மாணவனும் ரஞ்சி வீரனும் ஒரே ஏணியின் வெவ்வேறு படிகளில் நின்றார்கள். மும்பை கிரிக்கெட்டின் பெருமை என்று நாம் பேசுவதில் பாதி இந்த அட்டவணைகளின் பெருமை. கவாஸ்கரும் டெண்டுல்கரும் அந்த அட்டவணைகளில் ஆடி வந்தவர்கள்தான்.

இதே ஏணியை ஃப்ளாக் ஃபுட்பாலுக்குப் போடத் தாராவி, சயன், மாட்டுங்கா வட்டாரம் நல்ல இடம் என்று நான் நம்புகிறேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. மாட்டுங்காவில் 1932 முதல் தென்னிந்தியக் கல்விக் கழகம் இருக்கிறது. சயனில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆள் திரட்டத் தெரிந்த சங்கங்களுக்குப் பத்து வாரத்துக்கு ஓர் அட்டவணை போடுவது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல.

பிள்ளைகளிடம் இதற்கான உடல்மொழி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கபடி ஆடி வளர்ந்தவர்களுக்கு, குறிப்பாக ரைடர்களுக்கு, ஃப்ளாக் ஃபுட்பாலின் பாதி ஆட்டம் காலிலேயே இருக்கிறது. எதிராளியின் கைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்று ஏமாற்றுவது, ஒரே அடியில் திசை மாற்றுவது, துரத்துகிறவரின் கண்ணைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் அங்கிருந்து அப்படியே வரும். தடுப்பவர்களுக்குத்தான் சிக்கல். கபடியில் பிடி என்றால் கணுக்காலையோ இடுப்பையோ பிடித்து விடாமல் நிறுத்துவது. இங்கே உடம்பைப் பிடித்தால் தண்டனை, பட்டையை மட்டும் உருவ வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தைக் கைகள் மறக்க வேண்டும். அதனால் பத்து வயதில் தொடங்குவது நல்லது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்தார். குடிசை மாற்றுக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் போனது அவருடைய திறமையால். அந்தத் திறமையைத் தினமும் கூப்பிட்டு ஆடவைத்த ஒரு கபடிக் குழு அவர் வீட்டருகே இருந்ததும் ஒரு காரணம்.

மும்பையில் எந்த ஆட்டம் என்றாலும் கடைசியில் வந்து முட்டுவது இடத்தில்தான். ஆசாத் மைதானத்தில் 22 பிட்ச்சுகள். ஓர் ஆட்டத்தின் ஃபைன் லெக், இன்னோர் ஆட்டத்தின் மிட் ஆஃபுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கம்பி வலை கட்டிய டர்ஃப்கள் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கின்றன. தாராவிக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஃப்ளாக் ஃபுட்பால் மைதானம் மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 64க்கு 23. சர்வதேச அளவுக் கால்பந்து மைதானம் ஒன்றின் குறுக்கே நான்கு ஃப்ளாக் மைதானங்களைக் கோடு போடலாம். காலை ஏழு முதல் பதினொன்று வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், பதினாறு ஆட்டம், முப்பத்திரண்டு அணி, அணிக்குப் பத்துப் பேர் என்று 320 பிள்ளைகள். அதே இடத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் 22 பேரோடு நாள் முழுவதும் நடக்கும். கிரிக்கெட்டை வெளியேற்றச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு காலைப் பொழுதை மட்டும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறேன்.

செலவும் பெரிதல்ல. மோதல் ஆட்டத்தின் தலைக்கவசம் ஒன்றே பல நூறு டாலர். இங்கே பந்தும் பெல்ட்டுகளும்தான் மூலதனம். ஒரு செட் பெல்ட்டை அன்றைக்கு ஆடும் எல்லா அணிகளும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். காயமே வராது என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. பந்தைப் பிடிக்கும்போது விரல் சுளுக்கும். திடீரென்று திரும்பும்போது முழங்கால் தசைநார் கிழியலாம், முக்கியமாகப் பெண்களுக்கு. கரடுமுரடான தரையில் அந்த அபாயம் கூடும். பயிற்சியாளருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வார்ம்-அப் கட்டாயமாக வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதை ஆடி என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? நியாயமான கேள்வி. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்பது உழைக்கும் குடும்பங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வழி. மகாராஷ்டிர அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு தன் பட்டியலை 2020இல் 43 ஆட்டங்களிலிருந்து 63ஆக விரித்தபோது ரக்பியும் கயிறு இழுக்கும் போட்டியும் உள்ளே வந்தன. ஒரு புதிய ஆட்டம் அப்பட்டியலில் ஏறக் கோரிக்கை மனு மட்டும் போதாது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி என்று தொடர்ந்து நடந்த பதிவுகள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவுகளின் முதல் பக்கம் உள்ளூர் லீக்கின் ஸ்கோர் தாள்.

எனவே சம்மேளனத்திடம் நான் முதலில் கேட்பது இன்னொரு வெளிநாட்டுப் பயணத்தை அல்ல, நடுவர் பயிற்சியை. ஃப்ளாக் ஃபுட்பால் விதிகள் நுணுக்கமானவை: நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் முந்தைய ஐந்து கஜத்தில் பந்தோடு ஓடக்கூடாது, வீசித்தான் ஆக வேண்டும் என்பதுபோல் பல. நடுவர் தடுமாறினால் இரண்டாவது வாரமே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு கலைந்துவிடுவார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள், கல்லூரி படிக்கும் அக்காக்கள், அண்ணன்கள் என்று இருபது பேருக்குத் தமிழிலும் மராத்தியிலும் விதிகளைச் சொல்லிக்கொடுத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் சிறு தொகை கொடுத்தால் லீக் தானாக நிற்கும்.

சங்கங்களிடம் கேட்பது வேறு. தாராவியை இடித்து மறுபடி கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. யாருக்கு எத்தனை சதுர அடி வீடு, யார் தகுதி பெற்றவர், யார் வெளியே போக வேண்டும் என்பதில்தான் எல்லோருடைய கவலையும் இருக்கிறது; அது இயற்கை. ஆனால் திறந்தவெளி எங்கே, எத்தனை என்பதும் அதே வரைபடங்களில்தான் முடிவாகிறது. கான்கிரீட் போட்ட பிறகு அதை மாற்ற முடியாது. 64 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம், சுற்றிலும் மூன்று மீட்டர் விளிம்பு, மழைநீர் வடியும் தரை, பெண்களுக்கு உடை மாற்றும் அறை, மாலை ஏழு மணி வரை விளக்கு. இந்த அளவுகளோடு எழுதிய கோரிக்கையை மறுசீரமைப்பு அதிகாரிகளிடமும் மாநகராட்சியிடமும் இப்போதே கொடுக்க வேண்டும்; அந்தத் தரையில் கபடியும் கோகோவும்கூட ஆடலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.